பொம்மைக்குப் பிள்ளைக் கை எப்போது வந்தது?

கேள்வி: கைவினைக் கண்காட்சி ஒன்றில் பாலிமர் களிமண்ணில் செய்த பச்சைக்குழந்தைப் பொம்மையைப் பார்த்தேன். முகத்தைவிட அதன் கையும் காலும்தான் என்னை நிறுத்திவிட்டன. பொம்மைக்கு இப்படி அச்சு அசலாகக் கைகால் செய்யும் வழக்கம் எப்போது தொடங்கியது? (வாசகி, ஈரோடு)

பதில்: பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பொம்மை குழந்தையா இல்லையா என்பதைக் கைகால்களே தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஐரோப்பியப் பொம்மைத் தொழில் இதை உணர வெகுகாலம் பிடித்தது.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே விலை உயர்ந்த பொம்மை என்றால் பெரும்பாலும் சீமாட்டிதான். குழந்தைப் பொம்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அகஸ்டா மொண்டனாரி வைத்த மெழுகுப் பொம்மைகளில் கைக்குழந்தையிலிருந்து மங்கை வரை எல்லாப் பருவமும் இருந்தன. அவருக்குப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் மெழுகுப் பொம்மை பணக்கார வீட்டுச் சரக்கு. சாதாரணக் கடைகளில் விற்ற பல பொம்மைகளுக்கு நீளச் சட்டை மாட்டினால் குழந்தை, கவுன் மாட்டினால் பெரிய பெண். துணிக்குள் இருந்த நேரான கையும் காலும் ஒன்றேதான்.

மாற்றம் 1909 வாக்கில் ஜெர்மனியில் வந்தது. வால்டர்ஸ்ஹவுசன் ஊரில் இருந்த கெம்மர் உண்ட் ரைன்ஹார்ட் நிறுவனம், 100 என்ற அச்சு எண்ணில் ஒரு குழந்தைப் பொம்மையைக் கொண்டுவந்தது. பீங்கான் தலை, மரத்தூள் கூழில் வார்த்த உடல், மடங்கிய கை, வளைந்த கால். அதை நிற்க வைக்க முடியாது. உட்கார வைக்கலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். நிற்காத பொம்மையை யார் வாங்குவார்கள் என்று தயங்காமல் செய்தார்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. கைசரின் மகன் சாயல் என்று ஒரு பேச்சு கிளம்பி ‘கைசர் பேபி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

அடுத்து அமெரிக்காவின் கிரேஸ் ஸ்டோரி புட்னம். பிறந்து 3 நாளே ஆன ஒரு குழந்தையை நேரில் பார்த்து அவர் தலையைச் செதுக்கினார். 1922-இல் காப்புரிமை பதிவாகி, ‘பை-லோ பேபி’ என்று கடைகளுக்கு வந்தது. இடுங்கிய கண், சுருங்கிய முகம். இதை யார் விரும்பப் போகிறார்கள் என்ற கவலை வியாபாரிகளுக்கு இருந்திருக்கும். விற்ற வேகத்தில் ‘மில்லியன் டாலர் குழந்தை’ என்றே பெயர் வாங்கியது. பீங்கான் தலையின் கீழே துணி உடல். அதில் தவளைக் கால்போல அகன்று மடங்கிய கால்கள், செல்லுலாய்டு கைகள். நீங்கள் கண்காட்சியில் பார்த்த பொம்மைக்கு நேரடி முன்னோர் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: பாலிமர் களிமண் என்பது மண்தானா? யார் கண்டுபிடித்தது? (வாசகர், சிவகாசி)

பதில்: அடிப்படையில் அது மண் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே, அந்த பி.வி.சி.யின் மிக நுண்ணிய துகள்கள், அவற்றை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், நிறமி. சூடேறும்போது துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குயவர் மண்போல இது காற்றில் காய்வதில்லை. அடுப்பில் வைக்கும்வரை இளகியே இருக்கும்.

இதன் வரலாற்றிலும் ஒரு பொம்மை வீடு உண்டு. பெர்லின் சிற்பி மாக்ஸ் குரூஸிடம் 1905-இல் மகளுக்குப் பொம்மை வாங்கித் தரச் சொன்னபோது, கடைப் பொம்மைகள் பிடிக்காத அவர் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றாராம். பின்னாளில் அவர் மனைவியான கேட்டே குரூஸ் ஒரு துண்டில் மணலைக் கட்டி, தலைக்கு உருளைக்கிழங்கை வைத்துப் பொம்மை செய்தார். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. 1920-களில் அவர் மணல் நிரப்பிய கைக்குழந்தைப் பொம்மைகளையும் செய்தார். கையில் எடுத்தால் பிள்ளையின் கனம் தெரியும். தலையைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் தொங்கும். குழந்தை வளர்ப்பு வகுப்புகளில் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

1939 வாக்கில், பொம்மைத் தலைக்கு ஆகுமா பாருங்கள் என்று அவரிடம் ஒரு புதுப் பொருள் வந்தது. தொழிற்சாலைக்கு அது சரிப்படவில்லை. மகள் சோஃபி எடுத்து வைத்துக்கொண்டு அதில் சின்னச் சின்ன வேலைகள் செய்து பார்த்தார். பிறகு கைவினைப் பொருளாக விற்றார். 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் உரிமையை வாங்கி, ‘ஃபிமோ’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது அது ஸ்டெட்லர் தயாரிப்பு. அமெரிக்காவின் ‘ஸ்கல்பி’ இதோடு சம்பந்தமில்லாமல் 1960-களில் தனியாகப் பிறந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் உள்சூட்டை வெளியே கடத்துவதற்காகச் செய்த கலவை, அந்த வேலைக்கு உதவாமல் சிற்ப வேலைக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: நானும் பாலிமர் களிமண்ணில் பொம்மை செய்கிறேன். முகம் நன்றாக வருகிறது. கைகால் மட்டும் பெரியவர்களுடையதுபோல ஆகிவிடுகிறது. எங்கே தவறு? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: பெரும்பாலும் தவறு அளவில் இருக்கும். நிறைமாதக் குழந்தை ஏறக்குறைய 50 செ.மீ. நீளம். அதில் கால் பங்கு தலையே. பெரியவர்களுக்குத் தலை ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தையின் உடலில் நடுப்புள்ளி தொப்புள் பக்கம் இருக்கும். பெரியவர்களுக்கு அது இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். அதாவது கால் குட்டை. கையும் அப்படியே: இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினால் உச்சந்தலையை எட்டுவதே பெரும்பாடு. நம் கண் பெரியவர்களைப் பார்த்தே பழகியிருப்பதால் விரல் தானாகக் காலை நீட்டிவிடும். ஸ்கேலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதம் 8 செ.மீ. அளவில் நிற்கட்டும்.

இரண்டாவது, வயது. பிறந்த குழந்தையின் முகத்தைச் செய்துவிட்டு, ஆறு மாதக் குழந்தையின் கொழுகொழு கையைப் பொருத்துகிறவர்கள் நிறைய. மணிக்கட்டில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல விழுகிறதே ஒரு மடிப்பு, அது பால் குடித்துச் சதை போட்ட குழந்தைக்கு. பிறந்த குழந்தையின் கை மெலிவு. தோல் தளர்ந்து, மடிப்புகள் ஆழமில்லாமல் மெல்லிய கோடுகளாக ஓடும். ஆறு மாதக் கை செய்கிறீர்கள் என்றால், விரல் முட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் மேடு வைக்காதீர்கள். அங்கே குழிதான் இருக்கும்.

ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கை சதுரம், நல்ல தடிமன். விரல்கள் அடியில் பருத்து நுனியில் குறுகும். பச்சைக்குழந்தை கையை விரித்து வைத்திருப்பது அபூர்வம். உள்ளங்கையில் எது பட்டாலும் பற்றிக்கொள்ளும் அனிச்சை இருப்பதால் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கும். பல நேரம் கட்டைவிரல் உள்ளே போய்விடும். நான்கு விரலும் ஒரே கோணத்தில் மடங்கினால் பொம்மைக் கை. சுண்டுவிரல் சற்றே விலகி நின்றால் பிள்ளைக் கை. நிறைமாதக் குழந்தைக்கு நகம் விரல் நுனிவரை வளர்ந்திருக்கும், அதை மறக்க வேண்டாம். ஒரு ஸ்ட்ராவை நெடுக்காகப் பிளந்து அதன் வளைந்த ஓரத்தை மெதுவாக அழுத்தினால் நகத்தின் அடிவளைவு விழும். தோல் கோடுகளை ஊசியால் நேரடியாகக் கீறினால் வெட்டுக்காயம்போல ஆகிவிடும். களிமண்மேல் சமையலறை பிளாஸ்டிக் உறையை விரித்து அதன் மேலாகக் கோடிழுங்கள். ஓரங்கள் தாமாக உருண்டுகொள்ளும்.

பாதத்துக்கு வருவோம். அதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். குழந்தையின் பாதத்தில் வளைவு தெரியாது. அடியில் கொழுப்புத் திண்டு நிரப்பி நிற்கும். உள்ளங்காலின் ரேகைகளைப் பாருங்கள். குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பலார்டு மதிப்பீட்டில் இந்த ரேகைகளும் ஓர் அடையாளம். குறைமாதக் குழந்தைக்கு ரேகை பாதத்தின் முன்பக்கத்தோடு நின்றுவிடும். நிறைமாதக் குழந்தைக்குக் குதிகால்வரை பரவியிருக்கும். ஆகவே நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் அந்தக் குழந்தையின் வயதைச் சொல்கிறது. கால்கள் கருப்பையில் மடங்கிக் கிடந்த நினைப்பை விடாமல் வில்போல வெளிப்புறம் வளைந்திருக்கும்; இரண்டு உள்ளங்காலும் ஒன்றையொன்று பார்க்கும். நேராக நீட்டிய கால் அங்கே பொருந்தாது.

பிறந்த புதிதில் கையும் பாதமும் நீலம் பாரித்திருப்பது இயல்பு. தேர்ந்த கைவினைஞர்கள் வண்ணம் தீட்டும்போது மெல்லிய நீலத்தை அடியில் கொடுத்துப் பிறகு சிவப்பு ஏற்றுகிறார்கள்.

இத்தனையும் செய்ய நேரம் வேண்டும். மண்ணாக இருந்தால் சுண்டுவிரலைத் திருத்துவதற்குள் மணிக்கட்டு காய்ந்துபோகும். பாலிமர் களிமண் காத்திருக்கிறது. நாளைக் காலையில் உறவுக்காரர் வீட்டுக் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து அதே விரலைத் திருத்தலாம். பொம்மைக் கலைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில் சுடலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: சுடலாம், பொட்டலத்தில் போட்டிருக்கும் வெப்பத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். அதிகம் சூடேறிக் கருகினால் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணையும் மூச்சையும் அரிக்கும். அப்படி ஆனால் அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அலுமினியத் தாளை இறுக்கி உருட்டி உள்கூடாக வைத்து, அதன்மேல் களிமண்ணை ஒரே தடிமனில் போர்த்துங்கள். உள்ளே காற்று சிக்கினால் விரிசல் விடும். விரல்கள் மெல்லியவை என்பதால் முதலில் கருகுவதும் அவைதான். அலுமினியத் தாளால் கையின்மேல் ஒரு கூடாரம் போட்டால் தப்பும். களிமண் வேலைக்கு எடுத்த கத்தியும் தட்டும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

கேள்வி: இணையத்தில் விற்கும் ‘ரீபார்ன்’ பொம்மைகளும் பாலிமர் களிமண்ணா? (வாசகர், திருச்சி)

பதில்: அவை வினைல். ஆனால் பிறப்பு பாலிமர் களிமண்ணில்தான். சிற்பி முதலில் தலையையும் நான்கு கைகால்களையும் களிமண்ணில் செய்து சுட்டு எடுக்கிறார். அதிலிருந்து சிலிகான் அச்சு, அதிலிருந்து மெழுகு உரு, மெழுகின்மேல் மின்முறையில் செம்பு படியவைத்து உலோக அச்சு. அந்த அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூட்டில் சுழற்றினால் உள்ளே கூடான கையும் காலும் கிடைக்கும். வண்ணம் பூசாத அந்த உறுப்புகளை வாங்கி, அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றி, முடி நட்டு, துணி உடலில் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிச் சேர்ப்பவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்காவில் 1990-களில் பரவிய வழக்கம் இது. ஓர் அச்சிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம் என்பதால், சிற்பி களிமண்ணில் போட்ட ஒரு ரேகை அத்தனை பொம்மைகளின் உள்ளங்காலிலும் இருக்கும். விலை கொடுக்கும் முன் காலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே வேலை சுத்தமாக இருந்தால் மற்ற இடத்திலும் இருக்கும்.