முதியோர் பந்திக்குப் பயறு வேண்டும்

ஊர்ப் பொதுவில் முதியோருக்கு ஒரு வேளை அன்னமிடுதல் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் தருமமாகும். நமது மாவட்டத்து வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாதிருப்பதை யாவரும் அறிவர். 1982 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் குழந்தைகளுக்கெனத் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டம் 1983 இல் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. 2002 முதல் திருக்கோயில்களிலும் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகிறது. எனவே, சோறிட இடமில்லை என்பதற்கில்லை. அச்சோற்றில் சத்து எவ்வளவு என்பதே நாம் ஆராய வேண்டுவதாகும்.

முதுமையில் பசி குறையும். புரதச் சத்தின் தேவையோ குறைவதில்லை. அது போதாவிடில் தசை கரையும், கால் தளரும். தளர்ந்த கால் இடறி இடுப்பெலும்பு முறிந்தோர் மீண்டும் எழுந்து நடமாடுதல் அரிது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 41 கிராம் புரதம் வேண்டும். முதியோருக்கு அதற்கும் சற்று மேலாகவே வேண்டுமென்பர் மருத்துவர். 150 கிராம் அரிசியும் 15 கிராம் பருப்பும் சேர்ந்த உணவில் கிடைப்பது சுமார் 15 கிராமே. அரிசியை 120 ஆகக் குறைத்துப் பருப்பை 50 ஆக உயர்த்தினால் 20 கிராம் கிடைக்கும். இலையில் விழும் அளவு ஏறக்குறைய ஒன்றேயாகும். நீரிழிவு உடையோருக்கும் அரிசி குறைதல் நன்று. சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே பருப்பின் அளவைக் கூட்டுதல் வேண்டும்.

பருப்பு விலை ஏறியதாயிற்றே என அங்கத்தினர் வினவக்கூடும். நியாயமே. ஆயினும் கீரப்பாளையம் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்கு முன்னரே, நிற்கும் கதிரூடே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது நம் உழவர் கைகண்ட முறை. முப்பது முதியோருக்குத் தலைக்கு 50 கிராம் வீதம் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, திங்களுக்கு 45 கிலோ ஆகும். களத்திலேயே வீட்டுக்கு ஒரு படி எனப் பெற்றால் பளு எவருக்கும் தெரியாது. விசேட நாட்களில் சர்க்கரைப் பொங்கல் வழங்கும் அன்பர்கள் அதே செலவில் ஒரு மூட்டைப் பயறு அளிப்பாராயின் பயன் பெரிது. இனிப்பை நாம் வெறுக்கவில்லை, அது ஒரு நாளோடு போய்விடுகிறது. பயற்றை முழுதாக வைத்தால் வண்டு விழும். நன்கு காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கிச் சேமித்தல் நலம்.

சமைப்பதிலும் கவனம் தேவை. பல்லிழந்தோர் பலர். ஆதலால் பருப்பைச் சோற்றுடன் சேர்த்துக் குழைய வேகவைத்தல் வேண்டும். உளுந்தங்கஞ்சியும் ஏற்றதே. முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் கிடைக்கும். எலுமிச்சையை இறக்கிய பின் பிழிக. கொதிக்கையில் பிழிந்தால் வைட்டமின் ‘சி’ கெடும். முதியோர் நாவுக்குச் சுவை மங்குவதால் உப்பை அதிகம் கேட்பர். அதற்கு மாற்றாக மிளகும் சீரகமும் கூட்டலாம். மோர் தவறாது இருக்கட்டும். தாகம் தோன்றாமலே அவர்கள் உடலில் நீர் வற்றிவிடுமாதலின், பந்தியில் அமர்ந்தவுடன் ஒரு குவளை நீர் கொடுத்துப் பின்னரே சோறிடுக. உணவு முடிந்ததும் தேநீர் வழங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது இரும்புச் சத்தை உடல் ஏற்காது தடுப்பதால், ஒரு மணி நேரமாவது கழித்து வழங்குதல் தகும்.