ஊருக்கு ஒரு நீதியா?



பெரிய கம்பனி ஒன்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, தான் சமத்துவத்தின் பக்கம் நிற்பதாக அறிவித்தால் நாம் அதை எப்படி மதிப்பிட வேண்டும்? முன்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு வழிகாட்டும்.

எடுத்த படத்தை உடனே கையில் தரும் கமெராக்களைச் செய்த அமெரிக்கக் கம்பனி பொலரொயிட். கறுப்பினத் தொழிலாளரை மதிக்கும் நிறுவனம் என்று தன் நாட்டில் அது நற்பெயர் பெற்றிருந்தது. 1970ஆம் ஆண்டில் அங்கு வேலை செய்த கறுப்பினத்தவரான கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்னும் இருவர் ஓர் உண்மையை அறிந்தனர். தென்னாபிரிக்காவில் 16 வயதான கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் அனுமதிப் புத்தகம் ஒன்றை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். தவறினால் கைது செய்யப்படுவர். அப்புத்தகத்துக்குப் படமெடுக்கப் பொலரொயிட் சாதனங்களும் உதவின. கம்பனி அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென இருவரும் போராடினர்.

1971ஆம் ஆண்டு தை மாதம் கம்பனி தன் நிலைப்பாட்டை விளம்பரமாக வெளியிட்டது. தென்னாபிரிக்க அரசுக்கு விற்பதில்லை என்றும், அங்குள்ள கறுப்பினத் தொழிலாளரின் சம்பளத்துக்கும் கல்விக்கும் உதவுவதாகவும் அது கூறியது. ஆனால் மறுமாதமே ஹன்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1977இல், அங்கிருந்த விற்பனை முகவர் இரகசியமாக அரசுக்கு விற்று வந்தமை அம்பலமானது. அதன் பின்னரே பொலரொயிட் அங்கு வியாபாரத்தை நிறுத்தியது. அனுமதிப் புத்தகச் சட்டம் 1986இல் நீக்கப்பட்டது.

பிறநாட்டு வழக்கத்தை அனுசரிப்பது நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். உணவு, உடை, மொழி, மரியாதை முறை ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பது பண்பு. ஆனால் மனிதன் இறைவனின் சாயல் என்பது நாட்டுக்கு நாடு மாறும் வழக்கமன்று. வீட்டில் சமத்துவம் பேசி, வெளியில் அடிமைத்தனத்துக்குத் துணைபோவது இரட்டை நாக்கு. நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கண்டித்ததும் இத்தகைய பேச்சையே.

இலாபம் மட்டுமே கம்பனியின் நோக்கமாகாது, அது மனிதர்களின் சமூகம் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991இல் போதித்தார். பொருள் வாங்குவதும் ஓர் ஒழுக்கச் செயலே என்று பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2009இல் நினைவூட்டினார். ஆகவே ஒரு கம்பனியின் அறிவிப்பைக் கண்டதும் கைதட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். அதே சொல்லை எல்லா நாட்டிலும் சொல்கிறதா, அதற்காக நட்டப்படச் சம்மதிக்கிறதா, உள்ளிருந்து கேள்வி கேட்பவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. கோவிலில் ஒரு பேச்சும் கடையில் வேறு பேச்சுமாக நாம் நடப்பதுண்டா?

2. நம் வீட்டில் வேலை செய்பவர் நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வார்?