அடிச்சுவடு யாருடையது?

“காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது? அதை மனிதனா மாற்றினான்?” என்று பலர் கேட்கின்றனர். இது நல்ல கேள்வி. ஐயப்படுவதில் தவறில்லை. ஆனால் ஐயத்தைச் சான்றுகளைக் கொண்டே தீர்க்க வேண்டும்.

காலையில் போய்ப் பார்க்கையில் பயிர் அழிந்து கிடக்கிறது. யானையா, பன்றியா, கட்டாக்காலி மாடா? அடிச்சுவட்டைப் பார்த்தே சொல்கிறோம். விஞ்ஞானிகளும் அப்படியே செய்தனர்.

பூமி சூடாகின்றதா?

1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால், 2011–2020 இல் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் றிச்சட் முல்லர் இத்தகைய கணக்குகளை நம்பவில்லை. 2010 இல் தனியாக ஒரு குழு அமைத்து, பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தார். செலவில் ஒரு பகுதியை, எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளை கொடுத்தது. ஆயினும் 2012 இல், பூமி சூடாவது உண்மை, மனிதரே காரணம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். சான்று வந்ததும் கருத்தை மாற்றியவர் அவர்.

நாம் கேட்கும் மறுப்புகள்

1. “சூரியனே காரணம்.”
1978 முதல் செய்மதிகள் சூரிய ஒளியின் வலுவை அளந்து வருகின்றன. அது கூடிக்கொண்டு போகவில்லை. மேலும், சூரியன் காரணமெனில் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் நிலத்தை அண்டிய வளி சூடாக, மேலடுக்கு குளிர்கின்றது. இது காபனீரொட்சைட்டு போன்ற வாயுக்களின் அடிச்சுவடு.

2. “எரிமலைகளே காரணம்.”
மனிதர் ஆண்டுதோறும் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கையே எரிமலைகள் வெளிவிடுகின்றன.

3. “அந்த வாயு எரிபொருளில் இருந்து வந்ததென்று எப்படித் தெரியும்?”
உயிருள்ள மரஞ்செடிகளில் காபன்-14 சிறிதளவு உண்டு. நெடுங்காலம் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துவிட்டது. 1955 இல் ஹான்ஸ் சூஸ் மரங்களைச் சோதித்து, இந்தப் பழைய காபன் வளியில் கலப்பதைக் காட்டினார். 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு வளியில் இவ்வாயு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக் பனிக்கட்டியில் அகப்பட்ட வளிக்குமிழிகளின்படி, தொழிற்சாலைக் காலத்துக்கு முந்திய 800,000 ஆண்டுகளில் அது 300 அளவைத் தாண்டி ஏறவில்லை.

4. “முன்பும் மாறியதே.”
ஆம், பனியுகங்கள் வந்து போயின. முன்பு குளம் தானாக உடைந்தது என்பதால், இன்று எவரும் குளக்கட்டை வெட்டவில்லை என்றாகிவிடுமா?

எமக்கு இதனால் என்ன?

வளி ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதல் நீராவியைக் கொள்ளும். ஆகவே கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டும். காணிக்குத் திரும்பும் நாளில், தந்தையர் சொன்ன மழைக்கணக்கை மட்டும் நம்பி விதைப்பது போதாது.

அதேவேளை எல்லா அழிவையும் காலநிலையின் தலையில் போடவும் கூடாது. திருத்தாத குளக்கட்டுக்கும் தூர்ந்த வாய்க்காலுக்கும் வெட்டிய காட்டுக்கும் பொறுப்பாளர் அருகிலேயே இருக்கிறார். “காலநிலை” என்று சொல்லி அவர் தப்பிக்க நாம் இடம் கொடுக்கலாகாது. அங்கும் அடிச்சுவட்டைப் பார்ப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

• உங்கள் ஊரில் மாரிமழை தொடங்கும் காலம் மாறியுள்ளதா? மூத்தோர் நினைவைத் தவிர, எழுதிய பதிவு உண்டா?
• கடைசியாகக் கண்ட பயிரழிவில் மழையின் பங்கு எது, பராமரிப்பின்மையின் பங்கு எது?
• மழை நாட்களை ஒரு கொப்பியில் குறிக்கும் பொறுப்பை உங்களில் யார் ஏற்பார்?