உதிர்ந்த சருகு எங்கே போகிறது?



வசந்தம் என்றதும் பனி உருகுவதையும் புல் முளைப்பதையும் மேல்நாட்டுப் புத்தகங்கள் வர்ணிக்கும். யாழ்ப்பாணத்து வளவுக்கோ வசந்தம் விளக்குமாற்றுடன் வருகிறது. மாசி பிறந்து வாடைக்காற்று அடங்கியதும் வேம்பு உதிரத் தொடங்கும். காலையில் கூட்டிய முற்றம் மத்தியானத்துக்குள் மீண்டும் சருகாகிவிடும். அம்மாமாருக்கு இது அலுப்பான காலம். இந்த அலுப்பின் நடுவேதான் விபூதிப் புதனும் வந்து சேருகிறது.

பாஸ்குத் திருவிழாவை யாவரும் ஒரே நாளில் கொண்டாடவேண்டுமென 325ஆம் ஆண்டில் நிசேயாப் பொதுச்சங்கம் முடிவுசெய்தது. பின்னர் நிலைபெற்ற விதிப்படி, மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிறே அத்திருநாள். எங்கள் கணக்கில் அது பங்குனியில், அல்லது சித்திரை முற்பகுதியில் விழும். மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோமல்லவா? ஆகவே தவக்காலம் பின்பனியில் நடந்து இளவேனிலின் வாசலில் முடிகிறது. ஆங்கிலேயர் தவக்காலத்துக்கு வழங்கும் 'லென்ற்' என்ற சொல்லே ஆதியில் வசந்தத்தைக் குறித்ததுதான்.

ஆண்டவரும் மரத்தைப் பார்க்கச் சொன்னவரே. மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பாடுகளுக்குச் சில நாட்களின் முன், ஒலிவ மலையில் இருந்துகொண்டு சீடருக்கு அத்திமரத்தைக் காட்டுகிறார். கிளை இளகித் தளிர்விட்டால் கோடை கிட்டிவிட்டதென்பது உங்களுக்குத் தெரியுமே என்கிறார். ஏன் அத்தி? ஒலிவமரம் ஆண்டு முழுவதும் பச்சையாய் நிற்கும். அத்தியோ மாரியில் இலையெல்லாம் கொட்டி வெறுங்கொம்பாய் நிற்பது. அதன் தளிரைக் குழந்தையும் கண்டுகொள்ளும்.

எங்கள் வேம்பு இலை கொட்டுவது குளிருக்காகவன்று, வரட்சிக்காக. மரத்தின் நீர் இலை வழியாகவே ஆவியாய்ப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கித் தேங்கிய நீரே எங்கள் கிணறுகளுக்கும் மரங்களுக்கும் பெரும்பாலும் முதல். பங்குனியில் அந்த முதல் குறைகிறது. மரம் பழைய இலையை விட்டுச் செலவைச் சுருக்குகிறது. பிறகு பாருங்கள், மழையை எதிர்பாராமலே செம்பு நிறத்தில் தளிர், அதன் பின்னால் கொத்துக் கொத்தாய்ப் பூ! வேலியில் முள்முருக்கும் அப்படியே, இலையில்லா முட்கொம்பில் சிவப்பாய்ப் பூக்கிறது. மரம் ஒன்றை விடுவது இன்னொன்றுக்காக.

நாங்கள் எதற்காக விடுகிறோம்?

விதிகள் நீங்கள் அறிந்தவையே. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1966 பெப்ரவரி 17இல் வெளியிட்ட ஏட்டின்படி ஒருசந்தி நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் என்று சுருங்கின. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதையே வைத்திருக்கிறது. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். 18 நிறைந்தவர்களுக்கு, 60ஆவது வயதில் காலெடுத்து வைக்கும்வரை, ஒருசந்தி. சட்டம் சரி, சமையலறை வேறு கதை சொல்லும். கடற்கரைப் பங்குகளில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லையென்பது யாருக்குப் பாரம்? சுத்தபோசனம் என்ற பெயரில் நண்டுக் குழம்பும் இறால் பொரியலும் மேசைக்கு வந்தால் சட்டம் மீறப்படவில்லை. பிள்ளைகள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

2ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த 'எர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூல் இதற்கொரு கணக்கு வைத்திருக்கிறது. உபவாச நாளில் உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுக்கவேண்டும் என்கிறது அது. விட்டதோடு உபவாசம் முடியவில்லை. விட்டது எங்கே போயிற்று என்ற கேள்வி நிற்கிறது.

அதே கேள்வியை முற்றத்திலும் கேட்கலாம். கூட்டிய சருகு எங்கே போகிறது? அநேக வளவுகளில் நெருப்புக்கு. மாலையானால் புகை, இழுப்புக்காரக் கிழவருக்கு இரவு நித்திரையில்லை. எங்கள் முன்னோர் குழையையும் சருகையும் தோட்டத்தில் தாட்டவர்கள். தென்னையடியிலும் வாழையடியிலும் பரப்பினால் மண்ணின் ஈரம் வெயிலில் பறக்காது, சருகு உக்கி எருவாகும், இறைக்கும் தண்ணீரும் குறையும். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடிய வீடுகளில் இதற்கும் வழியில்லை. அங்கே மழைநீர் தெருவுக்கு ஓடுகிறது. பிறகு கிணறு உவர்க்கிறதென்று முறைப்பாடு. நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் குடாநாடு இது. மேலிருந்து இறங்குவது குறைந்து, இறைப்பது கூடினால், கீழிருந்து உப்பு ஏறத்தான் செய்யும். (வளவைப் பற்றிப் பேசுவது குருவானவரின் வேலையா என்று கேட்போர், பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லௌதாத்தோ சி' மடலை ஒருமுறை வாசிக்கட்டும்.)

இந்தத் தவக்காலத்தில் இதைச் செய்து பாருங்கள். வெள்ளி இரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளையே கணக்குப் பார்க்க விடுங்கள். இன்று விட்டது என்ன, அதன் விலை என்ன? மீனை விட்ட வீடு மீனின் விலையை, தேநீருக்குச் சீனியை விட்ட பிள்ளை சீனியின் விலையை முட்டியில் போடட்டும். அது யாருக்கு என்பதை முதல் வெள்ளியிலேயே தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் பாஸ்குச் சட்டைக்குப் போய்விடும், கண்டதுண்டு.

வேப்பம்பூ உதிரும்போது பாய் விரித்துச் சேர்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. உழுந்து, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்துத் தட்டிக் காயவைத்த வேப்பம்பூ வடகம், வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு நண்டைவிடப் பொருத்தமானது. கசக்கும்தான், பாஸ்கா இரவில் இஸ்ராயேலரும் கசப்புக் கீரைதானே உண்டார்கள். போத்தலில் அடைத்து வைத்தால் மாரிக்கும் இருக்கும். ஒரு போத்தல் பக்கத்து வளவுக்கும் போகட்டும். அவர்கள் சைவர்களாயிருந்தால் அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான்.