சோளகமும் வாடையும்: நாய் பூனைகளைப் பருவமறிந்து பேணுதல்

போர்க் காலத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல. 1990 ஆம் ஆண்டில் வந்தோரும், 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த வலிகாமத்து இடப்பெயர்வின் பின் வந்தோரும் இவர்களுள் அடங்குவர். ஒரு பகுதியினர் ஊர் திரும்பிவிட்டனர். ஏனையோர் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் இன்றும் வாழ்கின்றனர். இவர்களிடம் இப்போது மாடு இல்லை, ஆடு இல்லை, வளவும் இல்லை. ஆயினும் பல வீடுகளில் வாசலில் ஒரு நாயும் குசினிக்குள் ஒரு பூனையும் இருப்பதைக் காண்கிறோம். பிராணிகளோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு அவை இல்லாத வீடு வெறுமையாகவே தோன்றும்.

ஊரில் நாய்க்கு வளவும் பூனைக்கு மாட்டுக் கொட்டிலும் இருந்தன. இங்கோ பிள்ளைகள் உறங்கும் அறையிலேயே நாயும் உறங்குகிறது. ஆகவே பிராணிக்கு வரும் நோய் வீட்டாருக்கும் வரக்கூடும். இந்தப் பாடத்தில், கொழும்பின் பருவங்களுக்கு ஏற்ப அவற்றை எவ்வாறு பேணலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. காற்று ஒன்று, பலன் வேறு

யாழ்ப்பாணத்து விவசாயிக்குச் சோளகம் என்றால் புழுதியும் வரட்சியும். மழை, வாடைக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். கொழும்பில் நிலைமை வேறு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் அதே சோளகம் இங்கே மழையைக் கொண்டுவருகிறது. ஒக்டோபர், நவம்பரில் மாலை நேரத்து இடிமழை மறுபடியும் கொட்டுகிறது. கொழும்பில் ஓராண்டில் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வது அதில் ஏறக்குறையப் பாதியே.

ஊர்ப் பழக்கத்தின்படி கார்த்திகை மழைக்கு மட்டும் ஆயத்தமாவோர் மே மாத மழையில் அகப்பட்டுக்கொள்கின்றனர். பயிருக்குப் போகம் பார்த்தது போலவே பிராணிக்கும் இங்குள்ள போகத்தைப் பார்க்க வேண்டும்.

2. மார்ச், ஏப்ரல்: வெப்ப காலம்

மழைக்கு முந்திய இரு மாதங்களும் கடும் வெக்கையானவை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி இளைப்பதன் மூலமே அது தன் சூட்டைத் தணிக்கிறது. தகரக் கூரையின் கீழோ பூட்டிய அறையிலோ காற்றோட்டமின்றிக் கட்டப்பட்ட நாயால் அதுவும் முடியாது.

நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கட்டுங்கள். நாளுக்கு இருமுறை தண்ணீரை மாற்றி வையுங்கள். காலி வீதியின் தார் நண்பகலில் நாயின் பாதத்தைப் பொசுக்கும். உங்கள் புறங்கையைத் தார் மீது சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. காலை எட்டு மணிக்கு முன்னரோ பொழுது சாய்ந்த பின்னரோ கூட்டிச் செல்லுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக்குச் சென்றால் கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள். வீடு வந்ததும் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அளவுமீறி இளைத்தல், கெட்டியான உமிழ்நீர், கடுஞ்சிவப்பான நாக்கு, தள்ளாட்டம் ஆகியன வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாயில் வலிந்து தண்ணீர் பருக்கவும் வேண்டாம். தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

3. மே முதல் செப்டெம்பர் வரை: சோளக மழை

இக்காலத்தில் பிராணியின் உடல் ஈரம் காய்வதில்லை. ஈரத்தில் சொறியும் காதுப்புண்ணும் வருகின்றன. மழையில் நனைந்த நாயைப் பழைய துணியால் துடையுங்கள். விரல் இடுக்கு, காது, வயிற்றடி ஆகிய இடங்களை மறவாதீர்கள். படுக்கும் சாக்கை வெய்யில் கண்ட நாளில் எல்லாம் காயப் போடுங்கள்.

உண்ணியையும் தெள்ளையும் நாயின் உடலில் மட்டும் தேடினால் போதாது. உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. இரத்தம் குடித்தபின் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் முட்டையிடுகிறது. ஆகவே வீட்டையும் கூட்டிக் கழுவ வேண்டும். உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போல் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் கூடாது. நாய் உணவை மறுத்து, முரசு வெளிறி, சிறுநீர் கருமையாகப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு வைத்தியரின் மருந்து தேவை.

இங்கு விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அம்மருந்து தோல் வழியாக உட்சென்று நாயைக் கொல்லக்கூடும். அதைத் தடவிக்கொடுக்கும் பிள்ளையையும் பாதிக்கும். பிராணிகளுக்கென்றே செய்த மருந்தை மட்டும் பயன்படுத்துங்கள். நாய்க்குரிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவும் கூடாது. அவற்றுட் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

இன்னொன்று பனடோல். மழைக்காலத்தில் பூனைக்குத் தடிமன் பிடித்தால், நமக்குப் போடும் குளிசையில் பாதியைக் கொடுத்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். பூனையின் உடலால் அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரேயொரு குளிசையே பூனையின் உயிரைப் போக்கப் போதும். தவறுதலாகத் தின்றுவிட்டால், முகம் வீங்கி முரசு நீலமாகும்வரை காத்திராமல் அக்கணமே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

4. ஒக்டோபர், நவம்பர்: கானும் எலியும்

எலிக்காய்ச்சலை வயலில் இறங்கிய எவரும் அறிவர். 2008 ஆம் ஆண்டில் இந்நோய் நாடெங்கும் பரவி 7,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர், 200 பேருக்கு மேல் இறந்தனர். வயலை விட்டு வந்ததும் இந்நோயையும் விட்டு வந்துவிட்டோம் என எண்ணுவது தவறு. மழை பெய்து கான் நிறைந்து ஒழுங்கையில் தண்ணீர் ஏறும்போது எலியின் சிறுநீரும் அதில் கலக்கிறது. அத்தண்ணீரில் அளைந்த நாய்க்கு நோய் தொற்றலாம். பின்னர் நாயின் சிறுநீர் வழியாக அது வீட்டுத் தரைக்கும் வரலாம்.

தேங்கிய நீரைக் குடிக்கவோ அதில் இறங்கவோ நாயை விடாதீர்கள். தின்று மிஞ்சிய சோற்றை இரவில் தட்டிலேயே வைத்திராதீர்கள். அதுவே எலியை வீட்டுக்கு அழைக்கிறது. நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் எலிக்காய்ச்சலுக்கு உரியதும் உண்டு. வைத்தியரிடம் கேட்டுப் போடுவியுங்கள். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாதல் ஆகியவை நாயில் தெரிந்தால் வெறுங்கையால் அதன் சிறுநீரைத் துடைக்க வேண்டாம். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வெள்ளத்தில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு நாட்களில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிய நாய் நகரத்தில் வழி தவறிவிடும். அந்நாட்களில் உள்ளே வையுங்கள். கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள்.

5. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை: ஆண்டுக் கணக்கு

மழை ஓய்ந்த இம்மாதங்கள் ஆண்டு வேலைகளை முடிக்க உகந்தவை. விசர்நாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை ஆகிய மூன்றையும் இக்காலத்தில் செய்யலாம். குட்டிகளை மட்டும் இம்மாதங்கள் வரை காக்க வைக்காதீர்கள். வாந்தியோடு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோய் குட்டிகளை ஓரிரு நாளில் கொல்லும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதற்கான ஊசிகளைத் தொடங்க வேண்டும்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது கொடுமையென்று சிலர் கருதுகின்றனர். வளர்க்க இடமின்றிக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவருவது அதிலும் கொடுமை அல்லவா? அவ்வாறு விடப்பட்டு, ஊசி ஏதும் போடப்படாமல் தெருவில் வளரும் நாய்களிடையேதான் விசர்நோய் நிலைத்திருக்கிறது.

பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்றுங்கள். கர்ப்பிணித் தாய்மார் அவ்வேலையைச் செய்யக் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடும்.

6. எல்லாப் பருவத்திலும்: விசர்நாய்க்கடி

வெய்யில் காலத்தில்தான் நாய்க்கு விசர் பிடிக்கும் என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. இந்நோய்க்குப் பருவம் கிடையாது. 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இதனால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலைத்திட்டத்தாலும், கடியுண்டோருக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் ஊசியாலும் அத்தொகை அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. ஆயினும் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. எனவே இந்த ஒழுங்கை வீட்டிலுள்ள எல்லோரும், பிள்ளைகள் உட்பட, மனதில் இருத்த வேண்டும்:

• நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினால், அல்லது காயத்தில் நக்கினால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள்.
• மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், எண்ணெய் எதையும் பூசாதீர்கள்.
• அன்றே அரச ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சிறு குட்டி கடித்தாலும், வீட்டுப் பூனை கடித்தாலும் செல்லுங்கள்.
• வைத்தியர் சொல்லும் எல்லா ஊசிகளையும் உரிய நாளில் போட்டு முடியுங்கள்.
• கடித்த பிராணியை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்துப் பதினான்கு நாள் அவதானியுங்கள். அது இறந்தால் புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதன் தலையைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்வர்.

அடிக்கு அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. நாய்க்குட்டியோடு விளையாடியதற்காகப் பிள்ளையை அடிக்கும் வீட்டில் அடுத்த கடி சொல்லப்படாமலே போகும். சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள்.

ஆறு வாரமான குட்டிக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போடலாம். அந்த முதல் ஊசி நெடுநாள் காக்காது. அடுத்ததை எப்போது போடுவது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். பூனைக்கும் இதே ஒழுங்குதான். அரசு நடத்தும் தடுப்பூசி முகாம்களில் இது இலவசம். பிராணியின் அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். காணி கிடைத்து ஊர் திரும்பும் குடும்பங்கள் நாயையும் கொண்டு செல்வதாயின் ஊசி போட்ட பின்னரே கொண்டு செல்லட்டும். அங்குள்ள அயலாரின் பிள்ளைகளுக்கும் நாம் பொறுப்பு.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஒழுங்கையில் எத்தனை நாய் பூனைகள் உள்ளன? அவற்றுள் எத்தனைக்கு இவ்வாண்டு ஊசி போடப்பட்டுள்ளது?
2. ஊரில் நாம் பிராணிகளுக்குச் செய்த எந்தக் கைவைத்தியங்களை இங்கே தொடர்கிறோம்? அவற்றுள் ஆபத்தானவை எவை?
3. ஒரு பிள்ளையை நாய் கடித்தால் இரவு பத்து மணிக்கு யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வது? அயலவர் இருவரை இன்றே தெரிந்து வையுங்கள்.

முதலாம் வினாவுக்குரிய கணக்கை ஒரு தாளில் எழுதி, குழுவாகச் சென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, உங்கள் ஒழுங்கைக்கு ஒரு தடுப்பூசி நாளைக் கேளுங்கள். தனி ஒருவர் கேட்பதைவிட இருபது குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அது விரைவில் நடக்கும்.