பழைய பேஸ் கிதாரும் பாடப் புத்தகமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

திருவிழாக் காலங்களில் நம் ஊர்ப் பந்தல்களில் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரியைக் கேட்டிராதவர் நம்முள் எவரும் இரார். பாடகரின் குரல் நினைவில் நிற்கும். டிரம்ஸின் முழக்கமும் நினைவில் நிற்கும். ஆனால், நெஞ்சுக்கூட்டில் 'தும், தும்' என்று அதிரும் அந்த அடிநாதம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதில்லை. மேடையின் ஓரத்தில், வெளிச்சம் குறைந்த இடத்தில், நான்கு தடித்த கம்பிகள் கொண்ட நீண்ட கருவியோடு ஒருவர் நின்றிருப்பார். அக்கருவியே பேஸ் கிதார். கடலூர் வட்டாரக் கச்சேரிகள் பலவற்றில் அப்படி ஓரத்தில் நிற்பவர் என் அண்ணன்.

அண்ணனிடம் சொந்தக் கருவி இல்லை. ஒரு கச்சேரிக்கு 1,000 ரூபாய் கூலி என்றால், 300 ரூபாய் கருவி வாடகைக்குப் போய்விடும். நான் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் 7,500 ரூபாய் கொடுத்துப் பழைய பேஸ் கிதார் ஒன்றை வாங்கினார். பளபளவென்றுதான் இருந்தது. மூன்றே மாதத்தில் அதன் கழுத்து வில்லாக வளைந்து, வாசிக்கவே முடியாமற் போயிற்று. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் சேர்க்கைக்கான பணத்தை அப்பா வெளியில் கடன் வாங்கினார். அண்ணன் அதைப் பற்றி இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஆய்வகத்தில் சுரமானிச் சோதனை செய்தபோது என் மனம் அந்த வளைந்த கழுத்தின்மேல் சென்றது. இந்த அறிவு அன்றே எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காதே என்று தோன்றியது. அந்த ஏக்கமே இக்கட்டுரை.

கருவி பிறந்த கதை

பேஸ் கிதார் வருவதற்கு முன் மேலைநாட்டு இசைக்குழுக்களில் அடிநாதத்துக்கு ஆளுயர 'டபுள் பேஸ்' வாத்தியமே பயன்பட்டது. சுமப்பது கடினம், பெரிய கூட்டத்தில் அதன் ஒலி எடுபடாது. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் கிதார் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பென்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' தான் உலகெங்கும் பரவியது. பிரிசிஷன் என்றால் துல்லியம். பிரெட் என்னும் உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டதால், விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக நின்றது. 1960-இல் இரண்டு பிக்கப்புகள் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்றைக்கு நம் ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கருவிகளில் மிகுதியானவை இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றின் சாயலில் அமைந்தவையே.

தமிழ்த் திரையிசையில் இக்கருவிக்குத் தனி இடம் உண்டு. 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு நில்லாமல், தனியொரு இசைவரியாகவே நடந்து செல்வதைக் காணலாம். ஏ.ஆர். ரகுமானின் இசையில் பல்லாண்டுகள் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரைக் கச்சேரிக் கலைஞர்கள் மரியாதையோடு சொல்வார்கள்.

சுரமானியும் பேஸ் கிதாரும்

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது என்று படித்துள்ளோம். நீளம் கூடினால் அதிர்வெண் குறையும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். கம்பி தடித்தால் அதிர்வெண் குறையும். பேஸ் கிதாரின் ஈ, ஏ, டி, ஜி என்னும் நான்கு கம்பிகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த சுரம் வேண்டியே கம்பியின் மேல் கம்பி சுற்றித் தடிமனாக்குகிறார்கள். நீளத்தையும் 34 அங்குலமாக, அதாவது 86.4 சென்டிமீட்டராக வைக்கிறார்கள். 30 அங்குலக் குட்டைக் கருவிகளும் உண்டு. சிறிய கை உள்ளவர்களுக்கு அவை எளிது. ஆனால் ஈ கம்பி சற்றுத் தளர்ந்து ஒலிக்கும்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 முதல் 80 கிலோகிராம் எடைக்குச் சமம். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்த மரக்கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பதாகக் கொள்ளுங்கள். அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தின் உள்ளே 'டிரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் முனையிலுள்ள மரையைத் திருகிக் கழுத்தை நேர்செய்யலாம். அண்ணன் முதலில் வாங்கிய கருவியில் அந்த மரை முன்பே கடைசிவரை திருகப்பட்டிருந்தது. இனித் திருக இடமில்லாத கருவியைத்தான் எங்களிடம் விற்றிருந்தார்கள்.

கழுத்துச் சோதனை

எனவே, முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. இதற்கு அளவுகோல் தேவையில்லை. இழுத்துக் கட்டிய கம்பியே ஒரு நேர்கோடு அல்லவா? ஒரு கையால் கம்பியை முதல் பிரெட்டிலும், மறு கையால் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். நடுவில், ஏழு அல்லது எட்டாம் பிரெட்டில், கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையே முகவரி அட்டை ஒன்று நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நன்று. விரல் நுனி நுழையும்போல் இருந்தால் கழுத்து வளைந்துள்ளது. இடைவெளியே இல்லையென்றால் பின்புறமாக வளைந்துள்ளது. டிரஸ் ராட் மரையை இரு பக்கமும் சற்றுத் திருப்பிக் காட்டும்படி விற்பவரையே கேட்க வேண்டும். அவர் தயங்கினால் நாம் திரும்பிவிடுவது நலம்.

அடுத்து, கருவியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பிரிட்ஜ் பக்கமிருந்து கழுத்தின் வழியே பார்க்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் டிரஸ் ராடாலும் அதைத் திருத்த இயலாது.

பன்னிரண்டாம் பிரெட்

அதிர்வெண் இருமடங்காக நீளம் பாதியாக வேண்டும். ஆகவே பன்னிரண்டாம் பிரெட் கம்பியின் நடுவில், 43.2 சென்டிமீட்டரில் அமையும். நான் அளவுகோலோடு சென்று ஒரு கருவியை அளந்தேன். பிரிட்ஜ் பக்கம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. "இது தவறான கருவி" என்று அறிவித்தேன். அண்ணன் சிரித்தார். "எல்லாத்துலயும் அப்படித்தான்டா இருக்கும்" என்றார். காரணம் கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. விரலால் அழுத்தும்போது கம்பி சிறிது நீண்டு இழுவிசை கூடுகிறது. சுரம் சற்று உயர்கிறது. அதை ஈடுசெய்யவே நீளத்தைச் சிறிது கூட்டி வைத்திருக்கிறார்கள். சுரமானியில் ஆப்புகளின் மேல் கம்பி கிடக்கிறது. யாரும் அதை அழுத்துவதில்லை. பாடம் பொய்யன்று, நான் பாடத்தைப் பாதிதான் படித்திருந்தேன்.

ஆகவே அளவுகோலைவிடக் காதை நம்பலாம். பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை இலேசாகத் தொட்டு மீட்டினால் மேற்சுரம் ஒன்று மணிபோல் கேட்கும். பிறகு அதே பிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள சுருதிச் செயலியாலும் ஒப்பிடலாம். சிறு வேறுபாட்டைப் பிரிட்ஜில் உள்ள திருகால் சரிசெய்ய முடியும். கம்பி துருவேறி அழுக்கடைந்திருந்தாலும் சுரம் பிசகும். அதற்குக் கருவியைக் குறை கூறலாகாது.

சிதம்பரத்தில் வீணை பார்த்தவர்கள் இங்கு ஒன்றை நினைவுகூரலாம். வீணையின் 24 மேளங்களும் மெழுகின்மேல் அமர்ந்தவை. பிசகினால் மெழுகை இளக்கி மீண்டும் மேளம் கட்டலாம். பேஸ் கிதாரின் பிரெட்டுகளோ மரத்தில் வெட்டிய பள்ளங்களில் அறையப்பட்டவை. அங்கு நேர்ந்த பிழை பெரும்பாலும் பிழையாகவே நிற்கும்.

மின்பகுதி

1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே பிக்கப்பின் அடிப்படை. காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகள் மெல்லிய செப்புக் கம்பி. அதன் மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் பாயம் மாறி மின்னோட்டம் பிறக்கிறது. ஆனால் இக்கம்பிச்சுருள், பந்தலில் ஓடும் மின்வடங்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. பேஸ் கிதாரில் இது பெருந்தொல்லை. ஈ கம்பியின் மூன்றாம் பிரெட் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு விம்மல்! பிரிசிஷன் வகையில் 1957 முதல் சுருளை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இணைத்து இவ்விரைச்சலை அடக்கினார்கள். ஜாஸ் வகையில் பெரும்பாலும் இரு பிக்கப்புகளையும் முழு அளவில் திறந்தால் இரைச்சல் அடங்கும். வாங்குமுன் இதைச் சோதிக்க வேண்டும்.

குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்றால் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே தூசி அல்லது தேய்மானம். சிறு செலவில் மாற்றலாம். ஒயர் சொருகும் ஜாக் ஆடினாலும் பற்றவைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஒலியே வராத பிக்கப் பெருஞ்செலவு வைக்கும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் வகையாயின், பேட்டரி அறையைத் திறந்து அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியைத் தொட்டவுடன் கையில் சுரீரென்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது ஆம்ப்ளிபயர் அல்லது மின்இணைப்பின் நில இணைப்புக் கோளாறு. உயிருக்கே ஆபத்து.

நம் கடற்கரைக்கு ஒரு தனிச் சோதனை

2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயலையும், 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்டது நம் மாவட்டம். நீரில் ஊறிய கருவிகள் பின்னர் வண்ணம் பூசப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. பிக்கப்பைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையைப் பாருங்கள். வண்ணம் புதிதாகவும் திருகு துருவாகவும் இருந்தால் ஐயுறுக. பின்மூடியைக் கழற்றினால் செப்புக் கம்பிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பது தெரியும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மரம் உப்பியுள்ளதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

மூன்று கருவிகள்

இவ்வாண்டு தை மாதத்தில் அண்ணன் சேர்த்த 12,000 ரூபாயோடு இருவரும் புறப்பட்டோம். முதற்கருவி மஞ்சக்குப்பத்தில். விலை 8,000. கண்ணாடிபோல் மின்னியது. டிரஸ் ராட் இறுதிவரை திருகப்பட்டிருந்தது. வெளியே வந்துவிட்டோம்.

மற்ற இரண்டும் சிதம்பரத்தில். தேரோடும் வீதி ஒன்றின் அருகே ஒரு வீட்டில் இருந்தது இரண்டாவது. விலை 12,000. கழுத்து நேர், பன்னிரண்டாம் பிரெட் சரி, இரைச்சல் இல்லை. அண்ணாமலைநகரில், படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர் ஒருவரிடம் இருந்தது மூன்றாவது. விலை 9,000. வண்ணம் உரிந்து, கம்பி துருவேறி, குமிழ் கரகரத்து, ஜாக் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்து நேராக இருந்தது. டிரஸ் ராட் இரு பக்கமும் திரும்பியது.

நான் குறிப்பேட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் இட்டேன். இரண்டாவது கருவியே முதலிடம் பெற்றது. அண்ணன் ஏதும் சொல்லவில்லை. மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்று, நான்கு கம்பிகளிலும் இருபது பிரெட்டுகள் வீதம் 80 இடங்களையும் ஒவ்வொன்றாக மீட்டி, ஒலி எத்தனை எண்ணும் வரை நிற்கிறது என்று வாய்க்குள் எண்ணினார். ஜி கம்பியின் ஆறாம் பிரெட்டில் நிறுத்தினார்.

"இங்க மட்டும் செத்துப்போவுது, கேளு."

கேட்டேன். மற்ற சுரங்கள் நீண்டு ஒலிக்க, அது மட்டும் பிறந்தவுடன் மடிந்தது. அதன் அதிர்வெண் 138.6 ஹெர்ட்ஸ். கழுத்தின் இயல் அதிர்வெண் அதனோடு ஒன்றியதால், கம்பியின் ஆற்றலைக் கழுத்து விழுங்கிவிடுகிறது. ஒத்ததிர்வு என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். அதைக் காதால் கண்டுபிடித்தவர் பத்தாம் வகுப்போடு நின்ற என் அண்ணன். அவர் மிகுதியாக வாசிக்கும் பாடல்களில் அந்தச் சுரம் அடிக்கடி வருமாம். பல நல்ல கருவிகளிலும் இத்தகைய 'செத்த இடம்' இருக்கக்கூடும்; அது எங்கே விழுகிறது என்பதே கேள்வி.

மூன்றாவது கருவியையே வாங்கினோம். புதிய கம்பிகள் 1,900 ரூபாய். குமிழும் ஜாக்கும் 250 ரூபாய். ஜாக்கை நானே பற்றவைத்தேன். மொத்தம் 11,150. மீதி 850 ரூபாயை அண்ணன் என் தேர்வுக் கட்டணத்துக்கு என்று கையில் வைத்தார்.

முடிவுரை

பழைய கருவி வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. கழுத்தை முதலில் பார்க்க வேண்டும். பளபளப்பைக் கடைசியில் பார்க்க வேண்டும். திருத்த முடிந்த குறை விலையைக் குறைக்க உதவும். திருத்த முடியாத குறை விலை குறைந்தாலும் வேண்டாம். எல்லா இடங்களையும் மீட்டிக் கேட்க வேண்டும். புதுக் கம்பிக்கான தொகையையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். ஆய்வகத்தில் கற்பதை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். வீட்டில் தறியோ படகோ தையல் எந்திரமோ இருக்கும். அதை இயக்கும் கைகளும் இருக்கும். நம் புத்தகத்தை அந்தக் கைகளின் அருகே ஒருமுறை திறந்து பார்ப்போம். நாம் சொல்லித் தரவும் இருக்கும், கற்றுக்கொள்ளவும் இருக்கும். மாசித் திருவிழாக் கச்சேரியில் அண்ணன் சொந்தக் கருவியோடு நின்றார். வழக்கம்போல மேடையின் ஓரத்தில்தான். அன்று அவர் கூலி 1,000 ரூபாயும் வீட்டுக்கு வந்தது.