ஸ்பீடாமீட்டர் சொல்லாத சங்கதி

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)

ஹாஸ்டலில் கார் பேச்சு வந்தால் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை ஹெச்.பி.? நூறைத் தொட எத்தனை செகண்ட்? போன வருடம் வரை நானும் அப்படித்தான். எங்கள் கோ-கார்ட்தான் என்னைத் திருத்தியது.

பெரிய பைக் என்ஜினாகத் தேடிப் பிடித்தோம். இடம் போதவில்லை; பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டோம். நேர்ப் பாதையில் பறந்தது. மூன்றாவது வளைவில் நண்பன் பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டான். வண்டி பம்பரமாய்ச் சுற்றி டயர் அடுக்கில் மோதி, அவன் மணிக்கட்டு முறிந்தது. என்ஜினை அங்கே வைக்கச் சொன்னவன் நான்.

மாவுக்கட்டோடு அவன் கேட்டான்: "ஏன்டா சுத்துச்சு?" பதில் தேடிப் படித்தபோது சிக்கியது மஸ்டா எம்எக்ஸ்-5.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இரண்டு சீட் கார். 1.6 லிட்டர் என்ஜின். சுமார் 115 குதிரைத்திறன். நூறு கி.மீ. வேகத்தைத் தொட ஏறக்குறைய 9 வினாடி. இன்றைய மின்சாரக் குடும்பக் கார்கள் பல இதை அநாயாசமாக முந்திவிடும்! ஆனாலும் 2016-ல் இதன் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. ஏன்?

ஒரு கம்பின் நடுவில் இரண்டு செங்கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். பிறகு ஆளுக்கொரு முனையில் கட்டிச் சுழற்றுங்கள். எடை அதேதான், ஆனால் திருப்பவும் கஷ்டம், திரும்ப ஆரம்பித்ததை நிறுத்தவும் கஷ்டம். தூரம் இரண்டு மடங்கானால் சுழல் நிலைமம் நான்கு மடங்காகும் என்று அப்ளைடு மெக்கானிக்ஸில் மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. (ஐந்து மார்க் கேள்வி. நான் முழு மார்க் வாங்கியவன்!) மஸ்டாக்காரர்கள் என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பாட்டரியை டிக்கிக்கு மாற்றினார்கள். பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி எடை. மொத்தமே ஒரு டன்னுக்குள்.

இன்னொன்று. கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் இணைத்துவிட்டார்கள். அதனால் பெடலை மிதித்ததும் இழுவை தாமதமின்றிக் கிடைக்கிறது. குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. டயர் வழுக்கப்போவது ஓட்டுகிறவன் கைக்கும் இடுப்புக்கும் முன்கூட்டியே தெரியவேண்டும். எந்த விளம்பர அட்டவணையிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

எங்கள் கார்ட்டில் எல்லாம் தலைகீழ். கனம் முழுக்கப் பின்னால். எடை இரட்டித்தால் டயரின் பிடிப்பு இரட்டிப்பதில்லை. காலை எடுத்ததும் பாரம் முன்னே சாய, இருந்த பிடிப்பும் போச்சு.

விடுமுறையில் சட்டத்தை அறுத்து, சிறிய என்ஜினை சீட்டுக்குப் பக்கத்தில் வெல்டு செய்தோம். நேர்ப் பாதையில் முன்பைவிட மெதுவுதான். கட்டுப் பிரித்த பிறகு அவனே முதலில் ஏறினான். எட்டு ரவுண்டு சுற்றி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மச்சி, இப்ப வழுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுதுடா."

ஒன்பதாவது ரவுண்டுக்குப் பெட்ரோல் இல்லை.